முப்பத்தெட்டு லிட்டர்

முதலில் உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள்
என்றாள் மரிசெல்.
வறுக்கிற மீனல்ல, வளர்க்கிற மீன் விற்கும் கடை;
ஞாயிறு மட்டும் அவள் நிற்பாள்.

பார்த்தோம்.
அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது கல்கரி.
மலையைக் கரைத்துக்கொண்டு வருகிற ஆறு.
எலுமிச்சை பிழிந்து தேய்த்தாலும்
மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடும்.

அப்படியென்றால் கப்பி, என்றாள். நியான் வேண்டாம்.

தண்ணீருக்கும் ஜாதகம் உண்டென்று
எனக்கு அதுவரை தெரியாது.

எங்களுக்குப் பார்த்தபோது பத்துக்கு எட்டு.
ரஜ்ஜு தட்டவில்லை.
இருவருமே மனுஷ கணம்.
தெர்மோஸ்டாட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை.
நன்மாறனுக்குப் பதினெட்டு,
எனக்கு இருபத்துமூன்று.
முதல் குளிர்காலம் முழுக்க
இரவு இரண்டு மணிக்கு ஹாலில் காலடி,
சின்னதாய் ஒரு க்ளிக்,
கொஞ்சநேரம் கழித்து
இன்னொரு காலடி.

அவனுக்கு டைகர் பார்ப் வேண்டும்.
கறுப்புப் பட்டை, ஓயாத ஓட்டம்,
டவுன் பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற அவசரம்.
எனக்கு அந்த ஒற்றை பெட்டா.
பட்டுப்புடவையை அலசித் தொங்கவிட்டது போல
வால்.
இரண்டும் ஒரே தொட்டியிலா?
மரிசெல் சிரிக்கவில்லை.
இரண்டு விரலைக் கத்தரியாக்கிக் காட்டினாள்:
ஒரு வாரத்தில் புடவை இருக்காது.

தங்கமீன் குளிர்ந்த தண்ணீர்க்காரன்,
நன்மாறன் கட்சி.
ஏஞ்சல் சின்னதில்தான் தேவதை,
வாய் பெரிதானதும் பக்கத்து வீட்டை விழுங்கும்.
கண்ணாடியில் அட்டையாய் ஒட்டியிருந்த ஒன்றைக் கேட்டோம்,
அழுக்கெல்லாம் தின்னுமாமே என்று.
தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள்,
இவ்வளவு வளரும்.
எங்கள் தொட்டியே ஒரு முழமும் கொஞ்சமும்.

முதலில் நாலு கப்பி, எல்லாம் ஆண்.
ஒரு பெண்ணை விட்டால்
சித்திரைக்குள் ஊரே ஆகிவிடும்.
அப்புறம் குட்டி ரகக் கோரிடோரா, ஆறு.
ஆறுக்குக் குறைந்தால்
அதுகளுக்குப் பேச்சு வராது.
ஆனால் இன்றைக்கு ஒன்றும் கிடையாது,
ஒரு மாதம் கழித்து வாருங்கள்.

ஒரு மாதம்
மீனில்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கண்ணுக்குத் தெரியாத எதுவோ
கூழாங்கல்லில் குடியேற வேண்டுமாம்,
மீனின் கழிவு மீனையே கொல்லாதிருக்க.
நாங்கள் இந்த ஊரில் வந்திறங்கியபோது
எங்களுக்காக அப்படி
யாரும் காத்திருந்ததாய் நினைவில்லை.
பக்கத்து ஃபிளாட் பல்பீர்
விளக்கெரியும் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு
தாழ்ந்த குரலில் துக்கம் விசாரித்தாள்:
எல்லாமே போய்விட்டதா?

ஜனவரி. மைனஸ் இருபத்தொன்பது.
பாலித்தீன் பையை நீட்டிய மரிசெல்
கோட்டுக்குள்ளே வைத்துக்கொள், என்றாள்.
எனக்கு முதுகெலும்பு வரை சில்லிப்பு,
எந்த மீனை நான் காப்பாற்ற?
நன்மாறன் ஜிப்பைத் திறந்தான்.
அவன் உடம்பு எப்போதும் எரிகிற அடுப்பு;
அதனால்தான் பதினெட்டு போதும் என்கிறான் என்பது
கல்யாணமாகி இரண்டாம் வருஷம்,
ரண்டில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில்,
நாலு கப்பியை முன்னிட்டு
எனக்கு உறைத்தது.

சாடில்டவுனுக்கு நாலு நிறுத்தம்.
கதவு திறக்கும்போதெல்லாம் அவன் குனிந்துகொண்டான்.
வயிற்றைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து
எதிரிலிருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார்.

வீட்டில் பையைப் பிரிக்காமல் மிதக்கவிட்டோம்.
இருபது நிமிஷம்.
உள்ளே இருக்கிற தண்ணீரும்
வெளியே இருக்கிற தண்ணீரும்
ஒரே சூட்டுக்கு வரவேண்டும்.
வாட்சைப் பார்த்தபடி நின்றோம்,
செருப்புகூடக் கழற்றாமல்.

மூன்று உடனே சுற்றக் கிளம்பின,
வாடகை பேச வந்தது போல மூலைமூலையாய்.
நாலாவது
ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.
கூப்பிட்டுப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம்,
வரவில்லை.

அது நீதான், என்றான்,
பை கசிந்து நனைந்த ஸ்வெட்டரோடு.